உள்ளங்காலில் வெங்காயம்

மகளுக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போட்டு வந்த அன்று மதியமே அவள் உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. காய்ச்சல் வரும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். எடைக்கேற்ற சொட்டு மருந்து, மெல்லிய சட்டை, தாய்ப்பால். பால் குடிக்காமல் போனால் மட்டும் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். என் மகள் அதைத்தான் செய்தாள். மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஹெப்பாள் தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு என் கணவர் வீட்டில் இருந்தார். "இப்பதானே சொட்டு குடுத்தோம். இன்னொரு தடவை வெச்சுப் பாரு, குடிக்கலேன்னா கெளம்பிடலாம்" என்று சொல்லி, தெருமுனை ஆட்டோவை வாசலுக்கே வரவழைத்து நிறுத்தினார்.

அதற்குள் வைத்தியம் படையெடுத்து வந்தது. கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா வசம்பை இழைத்து எடுத்து வந்தார். கூடவே அவர் பேரனின் கம்பளிக் குல்லா. "நாக்குல ஸ்வல்ப தடவுங்க ரீ, ஜ்வரா ஓடிப் போகும்" என்றார் கன்னடம் கலந்த தமிழில். குழந்தையைப் பார்க்கக் கொள்ளேகாலிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் சின்ன வெங்காயத்தை நசுக்கிக்கொண்டு நின்றார். "உள்ளங்கால்ல வெச்சுக் கட்டுனா சூடு எறங்கீரும் கண்ணு."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வாயைத் திறந்திருந்தால் வாடகை வீடும் போயிருக்கும், நாத்தனார் உறவும் போயிருக்கும். இவரோ கட்டிலில் குழந்தைக்கு முன்னால் அரண் மாதிரி உட்கார்ந்துகொண்டு நாக்கை நீட்டினார்.

"மொதல்ல எனக்குத் தடவுங்கம்மா. எப்படி இருக்குன்னு பாத்துட்டு அவளுக்குக் குடுக்கலாம்."

வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே தடவிவிட்டார். கசப்பில் இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அதே முகத்தோடு குல்லாவை வாங்கித் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டார். பிறகு அக்காவிடம் காலை நீட்டினார். "தம்பிக்குக் கட்டிட்டுத்தான் மருமவளுக்கு." நாத்தனார் திட்டிக்கொண்டே துணியில் வெங்காயத்தை வைத்துக் கட்டினார். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஒரு துளிகூடக் குழந்தைக்குப் போகவும் இல்லை. இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்குத்தான் நான் உண்மையாகப் பெருமைப்பட்டேன்.

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். லேசாக வேர்த்திருந்தது. மறுபடி மார்பில் வைத்தேன். முகத்தைத் திருப்பினாள், சிணுங்கினாள், பிறகு கவ்விக்கொண்டாள். அவள் மடக் மடக்கென்று குடித்தது அறை முழுக்கக் கேட்டது. நாத்தனாரும் வீட்டுக்காரம்மாவும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இவர் மட்டும் எழுந்து, குதிகாலை ஊன்றி விந்தி விந்திச் சமையலறைக்குப் போனார். ஆட்டோவை அனுப்பச் சொல்லலாம் என்று குழந்தையோடு பின்னாலேயே போனேன். சுவரைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?" என்றேன்.

"வெங்காயம்" என்றார்.

வெங்காயம் அவர் காலில்தான் கட்டியிருந்தது.