பிரட் அல்வா டீ

முதல் டம்ளர் டீயை மணிமேகலை யாருக்கும் கொடுப்பதில்லை. ஆவியை மூக்கால் இழுத்து, மூன்று கடை தள்ளிக் கேட்கும்படி ஒரே உறிஞ்சாக உறிஞ்சி, கண்ணை மூடி நிற்பார். பிடித்தால் அடுப்பைப் பார்த்து ஒரு தலையாட்டல். பிடிக்காவிட்டால் டிகாஷன் மொத்தமும் சாக்கடைக்கு. "நம்ம நாக்கு ஒத்துக்காதத ஊரு நாக்குல ஊத்தலாமா சார்?" என்பார்.

மலைக்கோட்டைக்குக் கீழே, நந்திகோயில் தெருவில் பதினான்கு வருடமாக அவர் கடை. யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்பதில்லை. முகத்தைப் பார்த்ததும் கரண்டி தானே நிற்கும். வேறு கடை டீயைப் புகழ்ந்தால் மட்டும் அவருக்கு ஆகாது. ஸ்ரீரங்கத்தில் ஒரு கடைக் காபி பிரமாதம் என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் எனக்கு ஆறிப்போய் ஆடை மிதக்கும் டீதான் வந்தது.

மாசி மாதம் எதிர்வரிசையில் கமர் ஜஹான் கடை திறந்தார். பால் கிடையாது; கறுப்பு டீ மட்டும். ஆனால் அதில் கல்யாண வீட்டு பிரட் அல்வா மணக்கும். ஜவுளிக்கடைப் பெண்கள் கூட்டமாகப் போய் நின்றார்கள். "எசன்ஸ் சார். ரெண்டு சொட்டு விட்டா ஆட்டுப் புழுக்கையும் அல்வாதான்" என்றார் மணிமேகலை. வாய்தான் அப்படிச் சொன்னது. கண் எதிர்க்கடையை விட்டு நகரவில்லை.

ஒருநாள் அந்தக் கூட்டத்தில் வளவனும் நின்றார். மணிமேகலையின் கணவர், சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டியைத் தெருமுனையில் ஒளித்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி டம்ளரை ஊதிக்கொண்டிருந்தார். கட்டிய மனைவிக்கு முதுகு போதாதா?

"அந்தம்மாகூடச் சிரிச்சுப் பேசியிருந்தாக்கூட விட்டுருவேன் சார். டீ குடிக்கிறாரு பாருங்க!"

அந்தக் குரலில் வேடிக்கை இல்லை. போதாக்குறைக்கு வளவனுக்குச் சர்க்கரை நோய். தீபாவளி மைசூர்பாகைக்கூட பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர் மணிமேகலை. "நான் பூட்டி வைக்கிறேன். அவ கூப்பிட்டு ஊத்துறா."

இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் மதியம் கூட்டம் ஓய்ந்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு, சண்டைக்குப் போகிற நடையில் தெருவைக் கடந்தார். மனசு கேட்காமல் நானும் பின்னால் போனேன்.

"வாங்கக்கா" என்று கமர் ஜஹான் எழுந்தேவிட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கு என்ன குடுக்கிறியோ, அதையே குடு."

டம்ளர் வந்தது. மூக்கு குனிந்தது. பிறகு அந்த உறிஞ்சல். "ஏலக்கா. ஜாதிபத்திரி" என்றார். இன்னொரு மிடறு. இன்னும் ஒன்று. நெய்யில் வறுத்த ரொட்டியின் மணம் எதிலிருந்து வருகிறது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. எசன்ஸ் இல்லை என்று தெரிந்துவிட்டது, முகம் சுண்டிப்போயிற்று. அப்புறம்தான் நாக்கு வேறொன்றைச் சொல்லியிருக்க வேண்டும். சட்டென்று நிமிர்ந்தார்.

"சக்கரையே இல்லையே?"

"அவருக்குப் போடறதே இல்லக்கா. மொத நாளே சொல்லிட்டாரு. 'இனிப்பத் தொட்டு நாலு வருஷமாச்சும்மா, வாசமாச்சும் பிடிச்சிட்டுப் போறேன்'னாரு." கமர் ஜஹான் கொஞ்சம் தயங்கினார். "டீ எப்படிக்கா இருக்கு?"

மணிமேகலை காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி இன்னும் ஒரு கொதி வந்திருக்கணும்."

"சரிக்கா."

"ஒண்ணு பார்சல் கட்டு. சக்கரை வேணாம்."

கட்டிக் கொடுத்ததை வாங்கி முந்தானைக்குள் மறைத்தார். அவர் கடை வாசலில் அதற்குள் இரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும், கொதிக்கும் அந்தப் பொட்டலத்தை இடுப்போடு இன்னும் அழுத்திக்கொண்டு, மற்றக் கையைச் சும்மா வீசியபடி தெருவைக் கடந்தார்.