ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்த டாக்டரம்மா

அம்மா போன பிறகு அவள் மீன் பெட்டியை யாரும் தொடவில்லை. ஐஸ் உருகாமலிருக்கப் போட்ட மரத்தூள் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தால் அம்மாவோடு டாக்டரம்மாவும் நினைவுக்கு வந்துவிடுகிறார்.

அப்போது நான் சின்னப்பெண். ராயபுரம் கடலோரத்தில் அம்மா மீன் விற்றுக்கொண்டிருந்தாள். திடீர் திடீரென்று அவளுக்கு உடம்பு கொதிக்கும், முகம் சிவந்து வேர்வை ஊற்றும். மீனுக்குப் போட்ட ஐஸை எடுத்துக் கழுத்தில் வைத்துக்கொள்வாள். சில நாள் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கடலில் போய் நிற்பாள். பேய் பிடித்திருக்கிறது என்றாள் அத்தை. வெள்ளிக்கிழமை பூசாரியிடம் கொண்டுபோய்ப் பிரம்படி கொடுப்பதென்று அப்பாவும் ஒத்துக்கொண்டார்.

அதற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டில் பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா எங்கள் குப்பத்துக்கு வருவது அதற்கு மட்டும்தான். வேலை முடிந்து வெளியே வந்தவர், எங்கள் வாசலில் மீன் பெட்டி மேல் கழுத்தில் ஐஸோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து நின்றார்.

"அதுக்குப் பேய் புட்ச்சிகீது. நாளிக்கு ஓட்டிடுவோம்" என்றாள் அத்தை.

அம்மாவின் கோபம் டாக்டரம்மா மேல் திரும்பியது. "புள்ள பெத்துக்கினா ஓடியாற. பெத்து முட்ச்சவள இன்னா ஏதுன்னு ஒரு தபா கேட்டுகீறியா நீ?"

டாக்டரம்மா வந்து அந்த ஐஸ் பெட்டி மேல், அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"கேக்கலதான். எங்களுக்கும் பிரசவத்தைத்தான் விழுந்து விழுந்து சொல்லிக்கொடுத்தாங்க. ஆனா இது பேயில்லம்மா. மாசாமாசம் வர்றது நிக்கிற வயசுல வர்றது." சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். "வேற யாருக்கு இப்படி இருக்கு?"

முதலில் கருவாட்டுக்காரி, "எனக்கு" என்றாள். இன்னொருத்தி தலையாட்டினாள். கடைசியில் அத்தை, தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குந்தான் கீது. சொன்னா என்னியும் அடிப்பாங்கன்னு..." என்றாள்.

"அப்ப ரெண்டு பெரம்பு வாங்கணும்டி" என்றாள் அம்மா.

பூசாரியிடம் யாரும் போகவில்லை. அதற்குப் பிறகு டாக்டரம்மா பிரசவம் இல்லாத நாளிலும் வந்தார். தூக்கம் வருகிறதா, எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறதா என்று ஒவ்வொருத்தியாகக் கேட்பார். பெற்று முடித்தவர்களுக்கென்றே ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானத்தை ஒதுக்கிவைத்தார். எங்கெங்கிருந்தோ பெண்கள் நடந்து வந்தார்கள். அம்மா செத்த அன்று முதலில் வந்து தலைமாட்டில் உட்கார்ந்ததும் அவர்தான்.

பெட்டி மேல் உட்கார்ந்த அன்று, எழுந்து போகும்போது டாக்டரம்மாவின் முகமும் சிவந்து வேர்த்திருந்தது. குனிந்து ஒரு ஐஸ் துண்டை எடுத்துத் தன் பின்கழுத்தில் வைத்துக்கொண்டார். எங்களைச் சிரிக்கவைக்கத்தான் செய்கிறார் என்று நினைத்து நான் கைதட்டிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. இன்னொரு துண்டை உடைத்து அவர் கையில் கொடுத்தாள்.