தேர் நாளும் எட்டாவது கட்டமும்

1. கேசட்

சின்ன காஞ்சிபுரத்தில் தேர் ஓடும் வீதியில் இருந்த வீடியோ கேம் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி ஒரு கேசட்டைக் கையில் கொடுத்து, "வாயால ஊதாதப்பா, எச்சில் பட்டா உள்ள இருக்கற பின்னுங்க துரு பிடிச்சிடும்" என்றார். பட்ஸில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு செருக வேண்டுமாம். அவர் அந்தப் பக்கம் போனதும் ஊதித்தான் போட்டேன். ஓடியது.

செங்கல் அடுக்குவது, டாங்கி சுடுவது, கார் ரேஸ் எல்லாம் இருந்தன. எனக்கு உசத்தி, குதித்துக் குதித்து எட்டுக் கட்டம் தாண்டும் கேம்தான். இப்போது போல விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. அதில் சேவ் கிடையாது. கரண்ட் போனால் மறுபடி முதல் கட்டம்.

2. பாஸ் பட்டன்

அந்தக் கேமை என்னைவிட நன்றாக ஆடியவள் செவிலிமேட்டுக் கமலா. டைப்ரைட்டிங் வகுப்பு விட்டதும், டவுன் பஸ் வரும்வரை அரை மணி ஆடுவாள். எல்லோரையும் போல என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அது கசக்கும். சொல்ல வாய் வராது.

ஒருநாள், கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வேலூருக்குப் போகப் போகிறேன், வகுப்புக்கு வருவது இன்றே கடைசி என்றாள். அன்றுதான் முதல் தடவையாக எட்டாவது கட்டத்துக்கும் வந்துவிட்டாள். பஸ் நேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் பத்து நிமிஷம்ணா. அடுத்த பஸ்ல போய்க்கிறேன்."

முடித்துவிட்டால் இனி வர மாட்டாளே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. கடை சாத்த வேண்டும் என்று பொய் சொன்னேன். "பாஸ் போட்டு நிறுத்தி வெக்கிறேன். செட்ட ஆஃப் பண்ண மாட்டேன். நாளைக்கு வந்து முடிச்சுக்கோம்மா."

நம்பிப் போனாள்.

மறுநாள் தேர். தேர் வரும் வீதியில் காலையிலேயே கரண்டை நிறுத்திவிடுவார்கள். நிலைக்குத் திரும்பும்வரை விட மாட்டார்கள். இந்த ஊரில் பிறந்தவன் மறக்கிற விஷயமா அது? என் புத்தி முழுக்க அவள் வருவாள் என்பதிலேயே இருந்தது.

வந்தாள். தேர் பார்க்க வந்த அம்மாவைக் கூட்டத்தில் நிற்க வைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள். செட்டில் சிவப்பு விளக்கு இல்லை. குனிந்து பார்த்தாள்.

"போச்சாண்ணா?"

தலையாட்டினேன்.

"எட்டுக்கு அப்புறம் இன்னா வருது? அதையாவது சொல்லுங்க."

எனக்கும் தெரியாது. நானும் அதுவரை போனதில்லை. அதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, அம்மா தேடுவாள் என்று போய்விட்டாள். அவளைப் பிறகு பார்க்கவில்லை.

இரண்டு மாதம் முட்டி மோதி நானே அந்தக் கேமை முடித்தேன். கடைசியில் வருவது, ஆடியதற்கு நன்றி என்று இரண்டு வரி இங்கிலீஷ். அவ்வளவுதான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆட உட்கார்ந்தவரை முடிக்க விடுங்கள். நாளைக்கும் வரட்டும் என்று பாதியில் நிறுத்தாதீர்கள். அன்று ஒரு பத்து நிமிஷம் விட்டிருந்தால், அந்த இரண்டு வரியை நானும் அவள் பக்கத்தில் நின்று படித்திருப்பேன்.