கார்டின் காலில் ஏறிய தம்பி

என் தம்பிக்கு ஓடத் தெரிந்துவிட்டது, அடக்கத் தெரியவில்லை. கொல்லிமலையில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. ஐப்பசியில் மூடுபனி இறங்கிவிட்டால் துணி காயாது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கம்பளி. ராத்திரி அவன் அதை நனைத்துவிட்டால் மறுநாள் முழுக்க அது அடுப்புக்கு மேலே தொங்கும். சோற்றில்கூடத் தம்பி மணப்பான்.

அதனால் அம்மா தூக்கத்தினிடையே அவனை எழுப்பி வாசலுக்குத் தூக்கிப்போவாள். கால்களை நீட்டி உட்கார்ந்து, பாதங்களின் மேல் அவனை உட்காரவைத்து, ‘ஸ்ஸ்ஸ்’ என்பாள். கண்ணைத் திறக்காமலே காரியத்தை முடிப்பான். பகலில் அவள் காட்டு வேலைக்குப் போய்விடுவதால் அந்த உத்தியோகம் எனக்கு வந்தது. அதை நான் சும்மா பார்க்கவில்லை. நான் காலை நீட்டி உட்கார்ந்தால் போதும், எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் அவன் ஓடிவந்து ஏறி உட்காருவான், அப்படிப் பழக்கிவைத்தேன். கம்பளியும் காயத் தொடங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷம் அப்பா எல்லைக் கல்லைத் தாண்டி, சர்க்கார் காட்டில் கொஞ்சம் வெட்டிச் சாமை விதைத்திருந்தார். கதிர் முற்றி நின்ற நேரத்தில் பாரஸ்டு கார்டு வந்து சேர்ந்தார். அவர் வழக்கு எழுதிவிட்டால் சாமை வீடு வராது, மழைக்காலம் முழுக்கக் காட்டுக்கிழங்குதான் என்று அம்மா முந்தின நாளே புலம்பியிருந்தாள்.

மலையின் அந்தப் பக்கம் இருக்கிற குண்டூர் நாட்டிலிருந்து ஏறி இறங்கி வந்த களைப்பு அவருக்கு. பூட்ஸைக் கழற்றி, காலில் சுற்றியிருந்த பட்டியையும் அவிழ்த்துவிட்டு, எங்கள் வாசலில் அம்மா போட்ட சாக்கில் உட்கார்ந்து கால் இரண்டையும் நன்றாக நீட்டினார். அப்பா கைகட்டி நின்றார்.

பலா மரத்தடியில் மண் அளைந்துகொண்டிருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தான். நீட்டிய கால்கள். சொல்லிக்கொடுத்த பாடத்தை அவன் மறக்கவில்லை. ஓடிவந்தான், ஏறினான், சர்க்கார் பாதங்களின் மேல் சாவகாசமாக உட்கார்ந்தான், பெய்தான்.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா பதறிப்போய்த் தூக்க ஓடினாள். கார்டு கையைக் காட்டித் தடுத்தார்.

“இருங்கம்மா. நடுவுல தூக்குனா புள்ளைக்கு அடச்சுக்கும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. தம்பியின் கக்கத்தில் இரண்டு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, மீசைக்கு அடியிலிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்றார். அம்மா சொல்லும் அதே ராகம். எங்களுக்குச் சிரிக்கவும் பயம், சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

காரியம் முடிந்தது. அவர் இறக்கிவிடவில்லை. ஈரக் காலோடு அவனை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அவனும் அவருடைய சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

“எம்பையனும் இந்நேரம் நடப்பானுங்க. நான் மலையேறுனப்ப தவந்துட்டு இருந்தான்,” என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் கால் கழுவி, பட்டியைச் சுற்றி, பூட்ஸை மாட்டி எழுந்தார். சரிவில் நின்ற சாமையை ஒரு பார்வை பார்த்தார். வருகிற வருஷம் கல்லுக்கு இந்தப் பக்கமே விதைத்துக்கொள்ளும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

சாமை வீடு வந்தது. என் தம்பிக்குப் பயந்துதான் கார்டு ஓடிப்போனார் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒன்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. சொந்தமாக ஒரு பிள்ளையை வைத்திருக்கிறவர், எங்கள் பிள்ளையை இறக்கிவிட ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்?