ரோடு வரைக்கும் ஒரே தகடு

எங்கள் அண்ணன் பிறந்ததும் கண்மூடியதும் ஒரே காம்பராவில்தான். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தின் கடைசி அறை அது. இன்று அவரை நினைத்து வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதும் வரிகள் இவை.

வாலிபத்தில் அண்ணன் கொழும்பில் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் வேலை செய்தார். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி எழுத்துகளாக வளைக்கும் அந்த வேலை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. அப்பா இறந்ததும், வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தால்தான் காம்பரா எங்களுக்கு என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். அம்மாவையும் என்னையும் நினைத்து அண்ணன் திரும்பி வந்தார். பிறகு ஒருநாள் நிழல் மரத்தில் கிளை தறிக்க ஏறியவர் விழுந்தார். அதன்பின் அவரால் நடக்க முடியவில்லை.

எங்கள் வாசலிலிருந்து ரோட்டுக்குச் செங்குத்தான கல்படிகள். மழை வலுத்து மண்சரிவு எச்சரிக்கை வந்தால், லயத்து ஆண்கள் அவரை நாற்காலியோடு தூக்கிப் பாடசாலைக்குக் கொண்டுபோவார்கள். "தேருக்கு வடம் புடிச்சாலும் புண்ணியம் இருக்கு அண்ணே. ஒங்களத் தூக்குனா முதுகுவலிதான்" என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேலி செய்வார். அண்ணனும் சிரிப்பார். வீடு திரும்பிய பின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். யாரையும் கூப்பிடாமல் வெளியே போய்வர ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

அறைக்குள் இருந்தபடியே சின்னச் சின்ன மாதிரிகள் செய்யத் தொடங்கினார். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைக் குழாயில் சுற்றிக் கட்டிக் கொதிநீர் ஊற்றுவார். ஆறும்வரை அவிழ்க்கமாட்டார். அப்புத்தளையில் விடுதி வைத்திருக்கும் ஒருவர் கேள்விப்பட்டு வந்து, முன்கூடத்தில் வைக்க நம் மலை ரயிலைச் செய்து தரக் கேட்டார். வெளிநாட்டவர் வரும் காலத்துக்குள் முடிந்தால், ரோட்டோரம் ஓர் அறை தருவதாகவும், அங்கேயே இருந்து தொழில் செய்யலாம் என்றும் சொன்னார்.

பெட்டிகள் முடிந்தன. வளைத்து வைத்த கூரைகளுக்குச் சாயம் பூசிய வாரம் மூடுபனி விலகவேயில்லை. நம் லயங்களில் ஈரமான எதையும் அடுப்புக்கு மேலே விறகு காயும் தட்டில்தானே வைப்போம்? "அங்கயே வச்சிரு தங்கச்சி" என்று அண்ணனே சொன்னார். சமையல் முடிந்து எடுத்துப் பார்த்தபோது கூரைகள் எல்லாம் நிமிர்ந்து வெறும் தகடாகக் கிடந்தன. சாயம் மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது.

அண்ணன் ஒன்றைக் கையில் வாங்கித் தடவினார். "திரும்பச் சூடு பட்டா பழையபடி போயிரும்னு எனக்குத் தெரியாதா? நம்ம வீட்டுப் பழக்கம், மறந்துட்டேன்" என்றார்.

மறுபடி வளைத்து முடிப்பதற்குள் விடுதிக்காரர் வேறிடத்தில் வாங்கிவிட்டார். அறையும் வேறொருவருக்குப் போனது. அவர்மேல் எங்களுக்குக் குறையில்லை.

அதன்பின் அண்ணன் ரயில் செய்யவில்லை. எங்கள் லயத்தைச் செய்தார். கடைசிக் காம்பராவின் வாசலிலிருந்து மலையைச் சுற்றி வளைந்து இறங்கும் ஒரு சரிவுப் பாதையும் வைத்தார்.

"படி எங்கண்ணே?" என்று கேட்டேன்.

"படி எதுக்கு? ரோடு வரைக்கும் ஒரே தகடு."

நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர் பின்பு எழவில்லை. மருந்து வாங்கி வந்து தந்தவர்களுக்கும், அவர் அருகில் இருந்து பார்த்தவர்களுக்கும் எங்கள் நன்றி. மழைக் காலங்களில் அவரைத் தூக்கிய அதே தோள்கள்தான் கடைசியாகவும் அவரை அந்தப் படிகளில் இறக்கின.

அண்ணன் செய்த லயம் எங்கள் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லோரும் மேலே வீட்டுக்கும் வந்து பாருங்கள். படிகள் பழையபடியேதான் இருக்கின்றன. பாசி பிடித்திருக்கும், பார்த்து ஏறுங்கள்.