கூலிகளைப் பாடிய கவிதை

நேற்று மாலை சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் திடீர் மழை. பூக்கடைக் கூரையடியில் ஒதுங்கிய பள்ளிப் பிள்ளைகளின் நனைந்த சீருடை வாசம் மூக்கில் ஏறியதும், மல்லிகை வாங்க வந்தது மறந்துபோய், கிளமெண்டியில் நான் ஆங்கில இலக்கியம் நடத்திய வகுப்பறைக்கே போய்விட்டேன். எனக்குக் கவிதை வாசித்தால் நாடகக் குரல் வந்துவிடும். "ரேடியோ ஆரம்பிச்சிருச்சு" என்பாள் மனைவி.

அன்றைய பாடம், பேரரசுக் காலத்து வெள்ளைக்காரர் ஒருவரின் கவிதை. கப்பலிலிருந்து இறங்கும் கூலிகளை மந்தை என்று பாடியிருப்பார். சந்தமோ நம் காலைத் தாளம் போட வைக்கும். விஷமே அதில்தான் இருந்தது. அதைக் காட்டத்தான் உரக்க வாசித்தேன். முன்வரிசை ஷாலினி எழுந்துவிட்டாள். ஆங்கில வகுப்பு என்றாலும் கோபம் அவளுக்குத் தமிழில்தான் வந்தது.

"சார், எங்க கொள்ளுத்தாத்தா ஹார்பர்ல மூட்டை தூக்குனவரு. அவரத்தானே சொல்றான்?"

"ஆமாம்மா."

"அப்புறம் ஏன் சார் இவ்ளோ அழகா எழுதியிருக்கான்?"

கேள்வியை வகுப்பிடமே விட்டேன். பிள்ளைகள் ஆளுக்கொரு பதில் சொல்லிச் சண்டை போட்டார்கள். மணி அடித்தும் யாரும் எழவில்லை. ஓர் ஆசிரியனுக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

மறுநாள் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் வகுப்பில் யாரோ எடுத்த ஒரு வீடியோத் துண்டு சுற்றியது. அதில் ஷாலினியின் கேள்வி இல்லை; என் ரேடியோக் குரலில் அந்த மந்தை வரி மட்டும். நான் ரசித்து வாசிப்பதாக எனக்கே தோன்றியது.

துறைத் தலைவி கூப்பிட்டார். "அந்தப் போயம எடுத்துருவோம் லா, சார். பேரண்ட்ஸ் கேக்குறாங்க, எதுக்கு வம்பு?"

ஷாலினி தானாகவே முதல்வரிடம் போய் நடந்ததை முழுதாகச் சொன்னாள். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். "சிரிச்சுகிட்டே கேட்டாங்க சார். காதுல வாங்கிக்கல" என்றாள் என்னிடம். அடுத்த வருடம் அவள் அப்பா அவளை இலக்கியத்திலிருந்து புவியியலுக்கு மாற்றிவிட்டார்.

பிறகு மேகத்தையும் மரத்தையும் பற்றிய கவிதைகளை நடத்தினேன். யாரும் புகார் சொல்லவில்லை. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள், நானும்தான். இலக்கியம் எடுப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, கடைசியில் பாடத்தையே நிறுத்தினார்கள். நான் இப்போது பூன் லேயில் டியூஷன் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லித் தருகிறேன்.

அந்தப் பள்ளியில் இன்று அந்தக் கவிதையை யாருக்கும் தெரியாது. அதை எழுதியவரைத் திட்டக்கூட ஒரு பிள்ளை மிச்சமில்லை.