போர்வைக்குள் மட்டும் எரிந்த மீட்டர்

மாமா வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது தன் மோட்டார் சைக்கிளை என்னிடம் விட்டுப்போனார். அதிகம் ஓடாத வண்டி. முள் ஆடும் பழைய மீட்டர் அதில் கிடையாது. கைபேசி மாதிரி ஒரு சின்னத் திரை, வேகம் அதில் எண்ணாகத் தெரியும். அந்த எண்ணை நம்பித்தான் என் வேலையே இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து, மலைக்குக் கீழே ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலையும் வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை சேர வேண்டும். பஸ் நேரம் ஒத்துவராது, வண்டியில் போய் வருகிறேன் என்றேன். அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு நிபந்தனை போட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முப்பதைத் தாண்டக் கூடாது. நான் சொல்வதை நம்பி விட்டுவிடவும் மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னால் உட்கார்ந்து, என் தோளுக்கு மேலே எட்டி, மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சி வரைக்கும் அவரே எண்ணைப் பார்த்துக்கொண்டு வருவார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் காலமெல்லாம் மிளகைத் தராசில் போட்டவர், எண்ணில் அவரை ஏமாற்ற முடியாது.

சனிக்கிழமை காலை, அதுவரை விடியும் முன் இருட்டில் மட்டும் ஓட்டிப் பழகிய வண்டியை வாசல் வெயிலில் நிறுத்திச் சாவியைத் திருப்பினேன். திரை கறுப்பாக இருந்தது. மூக்கு இடிக்கும்படி குனிந்தால் உள்ளே ஏதோ நிழலாடுவது போல இருந்தது, அவ்வளவுதான். அப்பா இரண்டு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார்.

“எண்ணத் தெரியலியே கண்ணு. அது தெரியாம உன்ன எப்பிடி அனுப்பறது?”

எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். இது என் பாடம். திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்தால்தான் எண் கண்ணுக்குத் தெரியும், அது போயிருக்கிறது என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டு மல்டிமீட்டரை எடுத்து வந்தேன். பேட்டரி சரியாக இருந்தது. ஃபியூஸ் போகவில்லை. திரைக்குப் போகும் ஒயரில் மின்சாரமும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்படியென்றால் விளக்கு மங்கலாகவாவது எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இருட்டு வேண்டும். வண்டியை வீட்டுக்குள் ஏற்ற முடியாது, படி உயரம். அதனால் கம்பளியைக் கொண்டுவந்து ஹேண்டில்பார் மேல் போட்டு, தலையை உள்ளே நுழைத்தேன்.

உள்ளே எண் பளிச்சென்று இருந்தது. பூஜ்யம், பெட்ரோல் அளவு, மணி, எல்லாம். தலையை வெளியே எடுத்துக் கம்பளியை விலக்கினேன். கறுப்பு. திரும்ப உள்ளே போனேன். பளிச். இப்படிப் பல தடவை போய்ப் போய் வந்ததில் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

பட்டப்பகலில் வாசலில் ஒருத்தி கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதைப் பக்கத்துக் காட்டு அக்கா தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறார். ஆவி பிடிக்கிறார்கள் என்று நினைத்து, வரும்போதே ஒரு கை நொச்சித் தழை ஒடித்துக்கொண்டு வந்துவிட்டார். யாருக்குங்க காய்ச்சல் என்று கேட்டார். வண்டிக்கு என்றார் அப்பா, சிரிக்காமல்.

“அதானுங்க, நேத்துக் காலைல கௌப்பறப்ப அந்த இருமு இருமுச்சு” என்றார் அக்கா. பிறகு அவரும் கம்பளிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்து, இதுக்கு ஒன்றும் இல்லை, புது ஊட்டுக்கு வந்திருக்கிறது, வெட்கப்படுகிறது என்று தீர்ப்புச் சொன்னார். நொச்சித் தழையைத் திரும்ப எடுத்துப் போகவில்லை. வண்டி சீட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

அப்பா அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கம்பளி வண்டி மேலேயே கிடக்கட்டும். அவர் பின்னாலிருந்து குனிந்து என் கைக்கு அடியில் தலையை உள்ளே விட்டுக்கொள்வார். நான் ரோட்டைப் பார்ப்பது, அவர் எண்ணைப் பார்ப்பது. வேண்டாம் என்று சொன்னால் கேட்கிறவர் இல்லை. நிறுத்திய வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். என் விலாப் பக்கம் கம்பளிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

“சைபர் கண்ணு. நல்லாத் தெரியுது. சைபர்லயே நிக்குது.”

நிற்கிற வண்டி வேறெதைக் காட்டும்? எனக்கு அழுகை வரும் போல இருந்தது. திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் இன்னொருவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

அப்பாவை வெளியே இழுத்துவிட்டு ஒரு தடவை நிதானமாக யோசித்தேன். மாமா மத்தியான வெயிலில் இந்த வண்டியைக் கொண்டுவந்த அன்று திரை வெள்ளையாக இருந்தது, எண் கறுப்பில். இப்போது கம்பளிக்குள் தெரிவது கறுப்புத் திரையில் வெள்ளை எண். அது இராத்திரிக்கான காட்சி. இராத்திரியில் கண் கூசாமல் இருக்க விளக்கு தானாகவே குறைந்து எரியும். ஆக, விளக்கு கெடவில்லை. கம்பளியை எடுத்து வெயில் பட்ட பிறகும் வண்டி இது இராத்திரி என்று நம்பிக்கொண்டிருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்துப் பகலா இரவா என்று திரைக்குச் சொல்வதற்கு எங்கோ ஒரு சின்னக் கண் இருக்க வேண்டும். விளிம்பு முழுக்கத் தேடினேன். அப்படி எதுவும் தெரியவில்லை. மேல் விளிம்பில், நட்டநடுவில், சந்தனமும் அதன் மேல் குங்குமமும் வைத்த ஒரு பொட்டுத்தான் இருந்தது.

மலை இறங்குகிற எதையும் அம்மா வெறும் நெற்றியோடு அனுப்ப மாட்டாள். சந்தைக்குப் போகும் மிளகு மூட்டை, பலாப்பழம் ஏற்றிய லாரி, நான் பாலிடெக்னிக் கொண்டுபோன பெட்டி, எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. மாமா வண்டிக்கும் வந்த நாளிலிருந்து தினமும் வைத்திருக்கிறாள். நானும் தினமும் பார்த்திருக்கிறேன். பொட்டு இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே என் கண்ணில் உறுத்தியிருக்கும்.

ஈரத் துணியால் துடைத்தேன். திரை வெள்ளையாகி, எண் அந்த வெயிலிலும் எடுப்பாகத் தெரிந்தது. அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

“எதுக்குச் சாமி அழிச்ச? மொட்ட நெத்தியோடவா மலை எறங்கறது?”

அது நெற்றி இல்லையம்மா, அதன் கண் என்றேன். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. கண்ணிலா இத்தனை நாளும் சந்தனம் அப்பினேன் என்று பதறி, குனிந்து, தூசி விழுந்த குழந்தைக்கு ஊதுவது போல அந்த இடத்தில் இரண்டு மூன்று தடவை ஊதினாள். பிறகு ஹெட்லைட்டுக்கு மேலே, இங்கே கண் ஏதும் இல்லையே என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, புதுப் பொட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பின்னால் ஏறினார். முதல் வளைவில் இருபத்தி நாலு என்றார், அடுத்ததில் இருபத்தி ரெண்டு என்றார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. நான் திட்டம் போட்டது போலவே மெதுவாகத்தான் இறங்கினேன். ஆனால் ஒரு வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி இறக்கத்தில் விட்டதில் முப்பத்தி மூன்று காட்டிவிட்டது. தொலைந்தேன் என்று கண்ணாடியில் அப்பா முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, கும்பிட்டபடி வந்துகொண்டிருந்தார்.

பேளுக்குறிச்சியில் இறங்கியதும் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். பிறகு டீக்கடைக்காரரிடம் போய், மகள் நாளையிலிருந்து இந்த வண்டியில்தான் வேலைக்கு வரப்போகிறாள் என்றார். பயமில்லையா, அத்தனை வளைவு இருக்கிறதே என்று அவர் கேட்டார்.

“கண்ண எடுக்காமப் பாத்துட்டே வந்தேனுங்க. ஒரு எடத்துலகூட முப்பதத் தாண்டுலீங்க.”

நான் டீயை ஆற்றிக் குடித்தேன்.